லாரி நம்பரில் இருந்த இங்கிலீஷ்

வீட்டுக்காரம்மாவின் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கிவிட்டு, மீதிச் சில்லறைக்காக மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சும்மா நிற்கும்போது கையில் இருப்பதைப் படிப்பது என் பழக்கம். அட்டையைத் திருப்பினேன். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியாவுக்கு வந்த மருந்து, முடக்குவாதத்துக்கும் கொடுக்கிறார்கள். கொரோனா வந்த புதிதில் உலகமே இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. என் கட்டைவிரல் தன்பாட்டுக்கு இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனது. 18. அதைவிட விசேஷம், நடுவில் ஒரு எக்ஸ், கடைசிக்குப் பக்கத்தில் ஒரு க்யூ. இரண்டும் ஒரே வார்த்தைக்குள்!

“மாத்திரை மாறிடுச்சா சார்?” என்றான் கடைப் பையன்.

“இல்லப்பா. எக்ஸும் க்யூவும் சேர்ந்து இருக்கு.”

அவன் பதறிப்போய் டாக்டர் சீட்டை மறுபடி வாங்கிப் பார்த்தான். அவனுக்கு எங்கள் பெரியப்பாவைத் தெரிய நியாயமில்லை.

பெரியப்பா கம்பாசிட்டர். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மெட்ராஸ் – திருச்சி சாலையைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன அச்சகம். ஒரு டிரெடில் மெஷின், சாய்வாக நிறுத்திய எழுத்துக் கேஸ்கள், மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, பில் புத்தகம், சினிமா நோட்டீஸ், பரீட்சைக் காலத்தில் கேள்வித்தாள், இதுதான் அங்கே வேலை. முதலாளிக்கு நெல் வியாபாரமும் இருந்ததால் மாலையில் வந்து கல்லாவைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் பெரியப்பா ராஜ்ஜியம்.

அவர் எட்டாவதோடு நின்றவர். இங்கிலீஷில் முழுதாக ஒரு வாக்கியம் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் வக்கீல் குமாஸ்தாக்கள் ஸ்பெல்லிங் சந்தேகத்தை அவரிடம்தான் கேட்க வருவார்கள். எந்த வார்த்தையைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை காற்றில் அங்கும் இங்கும் போய் இல்லாத கேஸிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கும். கை நின்றதும் வாய் சொல்லும். ஒருநாளும் பிசகியதில்லை. அர்த்தம் கேட்டால் மட்டும், “அது உங்க பாடு” என்பார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அக்காவும் அங்கே போய்விடுவோம். எங்களுக்கும் வேலை உண்டு. அச்சான பிறகு ஃபார்மைக் கழுவி, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதனதன் அறையில் திருப்பிப் போட வேண்டும். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். சின்ன எழுத்தில் பி, டி, க்யூ எல்லாம் ஒன்றையொன்று மாறாட்டம் செய்யும். ஈயக் கட்டையின் கீழ்ப்பக்கத்துக் காடியைப் பார்த்துத்தான் தீர்மானிக்கணும். மாறிப் போட்டால் மறுநாள் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பட்டப்படிப்பு சந்தி சிரிக்கும்.

இங்கிலீஷ் கேஸில் எல்லா அறையும் ஒரே அளவு கிடையாது. நட்ட நடுவில், கைக்கு வாகாக இருக்கும் பெரிய அறை இ-க்கு. ஏ, டி, ஓ, என் எல்லாம் அதற்கடுத்த பெரிய மனிதர்கள். ஓரத்தில் தீப்பெட்டி அகலத்தில் இருக்கும் அறைகளில் ஜே, க்யூ, எக்ஸ், இசட். ஒரு பக்கம் பிரித்துப் போட்டால் இ அறை நிரம்பி வழியும். இசட் அறையில் ஒன்று விழுந்தால் அதிசயம். விழுந்தால் அக்கா உடனே அது எந்த வார்த்தையில் இருந்தது என்று புரூஃப் தாளில் தேடுவாள். அரிய எழுத்து இருக்கிற வார்த்தைமேல் எங்களுக்கு வந்த மோகம் அந்த ஓரத்து அறைகளில் தொடங்கியது.

இதே கேஸை வைத்து உலகத்தில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. தந்திக்கு மோர்ஸ் குறியீடு வகுத்தபோது சாமுவேல் மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்ல், எந்த எழுத்து எவ்வளவு புழங்குகிறது என்று அறிய, ஊர்ப் பத்திரிகை அச்சகத்தில் எழுத்துகளின் கணக்கைப் பார்த்தார் என்பார்கள். அதனால்தான் இ-க்கு ஒரே ஒரு புள்ளி, டி-க்கு ஒரே ஒரு கோடு. ஓரத்து அறைக்காரர்களுக்கெல்லாம் நாலு நாலு தட்டல். பிறகு 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் நியூயார்க் டைம்ஸ் பக்கத்தை விரித்து எழுத்துகளை எண்ணினார். அப்படிப் பிறந்ததுதான் ஸ்கிராபிள். 100 வில்லைகளில் இ மட்டும் 12. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஆளுக்கு ஒன்று. க்யூவுக்கும் இசட்டுக்கும் தலா 10 மதிப்பெண். பெரியப்பாவின் கேஸைப் பார்த்திருந்தால் பட்ஸுக்கு எண்ணுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

ஸ்கிராபிள் பெட்டி வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. அதற்குப் பதிலாக லாரி இருந்தது.

அச்சகத்துக்கு எதிரே டீக்கடை. மெட்ராஸ் போகும் லாரிகள் அங்கே நிற்காமல் போகாது. அப்போது நம்பர் பிளேட்டில் மூன்று எழுத்தும் நாலு எண்ணும் இருக்கும். தமிழ்நாட்டு வண்டிக்கு முதல் எழுத்து டெலிஃபோன் டி. பின்னால் வரும் இரண்டும் வண்டிக்கு வண்டி மாறும். பெரியப்பா டீயை உறிஞ்சிக்கொண்டே பிளேட்டைப் படிப்பார். அந்த மூன்று எழுத்தும், அதே வரிசையில், இடையில் எது வேண்டுமானாலும் வரலாம், ஒரு வார்த்தைக்குள் இருக்க வேண்டும். யார் வார்த்தை நீளமோ அவர்களுக்கு அவர் காசில் ஒரு பொறை. லாரி கிளம்பும்வரை நேரம்.

சட்டம் கடுமை. ஊர்ப் பெயர், ஆள் பெயர் செல்லாது. வெறும் எஸ் சேர்த்துப் பன்மையாக்கி நீட்டினால் செல்லாது. (பட்ஸும் இதற்குப் பயந்துதான் எஸ் வில்லையை நாலோடு நிறுத்தினாராம்.) சொன்னவர் அகராதியில் காட்ட வேண்டும். முன்னட்டையும் பின்னட்டையும் போய், ‘ஏ’ பகுதியில் பாதியும் இல்லாமல், பைண்டிங்குக்கு வந்து யாரும் திரும்ப வாங்காத ஒரு அகராதி அச்சகத்தில் கிடந்தது. அதுதான் எங்கள் சுப்ரீம் கோர்ட்.

டி.என்.ஒய். என்று ஒரு லாரி வந்து நின்றது. எளிதான வண்டி. டைனி, ட்வென்டி, ஸ்டோனி என்று நான் மூச்சு விடாமல் அடுக்கினேன். அக்கா அவசரப்படமாட்டாள். செர்ட்டன்டி என்றாள், டெஸ்டிமனி என்றாள். பெரியப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “முல்லிகடானி” என்றார். எங்கேயோ மலை ஊர்க் கிளப் ஒன்றுக்கு விருந்துப் பட்டியல் அச்சடித்தபோது கோத்த வார்த்தையாம். 12 எழுத்து. அகராதியில் பார்த்தால் நம் வீட்டு மிளகுத் தண்ணிதான் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அன்று ரசம் சாப்பிடும்போது அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சாதனையை அதே எழுத்துகள் கொண்ட இன்னொரு வண்டி வந்த அன்று அவளே உடைத்தாள். அன்கான்ஸ்டிட்யூஷனாலிட்டி, 19 எழுத்து. வக்கீல் நோட்டீஸ் புரூஃபில் பார்த்து எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.

அக்கா தேடுகிற விதமே வேறு. பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் சேர்ந்த பிறகு வார்த்தைகளை விரலால் பார்க்க ஆரம்பித்தாள். திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருப்பாள். ‘டைப்ரைட்டர்’ என்கிற வார்த்தையின் 10 எழுத்தும் மெஷினின் மேல் வரிசையிலேயே இருக்கிறது என்று ஒருநாள் வந்து சொன்னாள். இன்ஸ்டிட்யூட் டீச்சருக்கே அது செய்தி. மறுநாள் இன்னொன்று. அச்சகத்துப் போர்டில் முதலாளி பெயருக்குக் கீழே போட்டிருக்கிற ‘புரொப்ரைட்டர்’, அதுவும் மேல் வரிசையிலேயே முடிந்துவிடுகிறதாம், அதுவும் 10. முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். அவர் ரொம்ப நேரம் போர்டையே அண்ணாந்து பார்த்துவிட்டு, “அப்ப நான் கீழ் வரிசைக்கு இறங்கவே வேணாங்கறீங்க” என்றார். ‘ஸ்டூவர்டெஸஸ்’ என்ற 12 எழுத்தையும் இடது கையாலேயே அடித்து முடிக்கலாம் என்பதும் அவள் கண்டுபிடிப்புதான். இவையெல்லாம் இங்கிலீஷ்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்து எழுதி வைத்தவை என்று பிறகு தெரிந்தது. அதனால் என்ன, திண்டிவனத்தில் முதலில் கண்டுபிடித்தது அக்காதான்.

எக்ஸ் உள்ள வண்டி வந்தால் தெருவே அமைதியாகிவிடும். எக்ஸும் க்யூவும் சேர்ந்த வார்த்தைக்கு இரண்டு பொறை என்று பெரியப்பா தனிப் பரிசே அறிவித்திருந்தார். எக்ஸ்குவிசிட், எக்ஸ்செக்கர், ஈக்வினாக்ஸ், குவிக்ஸாட்டிக் என்று அந்தப் பரிசு மெதுவாகக் கரைந்தது. எக்ஸும் இசட்டும் சேர்ந்ததற்கு நான் ‘ஆக்ஸிடைஸ்’ சொன்னேன். எங்கள் வகுப்பில் அதற்கு இசட் போட்டால் சிவப்பு மையால் சுழிப்பார்கள், எஸ்தான் பிரிட்டிஷ் முறை என்று. அகராதியிலோ இசட்தான் முதலில் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே கிரேக்க மூலத்தைக் காட்டி இசட்டைத்தான் விரும்புகிறது என்பது அந்தச் சிவப்பு மைக்கு எட்டவில்லை. பொறை கிடைத்தது, வகுப்பில் அரை மார்க் போனது.

கோடை லீவுக்கு மெட்ராஸிலிருந்து சித்தப்பா மகன் வருவான். எங்கள் வயசுதான். இங்கிலீஷ் மீடியம். ‘ஆக்சுவலி’ சொல்லாமல் பேச ஆரம்பிக்கமாட்டான். அவன் வந்தால் எனக்கு வாய் கட்டிப்போகும். சாப்பாட்டு நேரத்தில் சித்தி பெருமையாக, “எதாவது சொல்லிக்காட்டுடா” என்பார். அவனும் சொல்லுவான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். அர்த்தம் பாதி புரியும். திருப்பிச் சொல்ல நாக்கு எழும்பாது. தமிழ் மீடியத்தில் படித்த எல்லாருக்கும் இந்தத் தட்டு தெரியும்.

ஒரு வருஷம் அவன் கிளம்பும்போதே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். உலகத்திலேயே நீளமான இங்கிலீஷ் வார்த்தை, 45 எழுத்து, எரிமலைத் தூசு நுரையீரலில் போய் வரும் வியாதி என்று மூச்சு வாங்காமல் ஒப்பித்தான். தெருவில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பெரியப்பா சீட்டை வாங்கி, கண்ணை மூடி, காற்றில் கையை ஓட்டினார். ஓ-வுக்குப் போய்ப் போய் வந்தது கை. ஒன்பது தடவை. கண்ணைத் திறந்து, “இது வளர்ந்த வார்த்தை இல்லடா, ஒட்டுப் போட்ட வார்த்தை. ஜாயின்ட் தெரியுது பாரு” என்று சீட்டில் நகத்தால் கோடு போட்டுக் காட்டினார்.

அவர் சொன்னது எத்தனை சரி! 1935-இல் அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற புதிர்க்காரர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே உண்டாக்கிய வார்த்தை அது. பத்திரிகையில் வந்து, பிறகு அகராதிகளிலும் ஏறிவிட்டது. அந்த வியாதிக்கு டாக்டர்கள் சொல்வது சிலிகோசிஸ். அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் டி.எம்.எக்ஸ். வந்து நின்றது.

அந்த லாரியின் பின்பக்கம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பச்சைத் தார்ப்பாய், அதற்குக் கீழே வெல்ல மூட்டை, மூட்டையைச் சுற்றித் தேனீ. டிரைவர் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சித்தப்பா மகன், “மேக்ஸிமம்!” என்றான். டி எங்கே என்று கேட்டார் பெரியப்பா. “டாக்ஸிமீட்டர்!” எல்லாம் இருக்கிறது, வரிசை தப்பு. எக்ஸ் முன்னால் வந்துவிட்டது. “அப்ராக்ஸிமேட்!” அதுவும் வரிசை தப்பு. அவன் முகம் சிவந்தது. “திஸ் இஸ் நாட் ஃபேர்” என்றான். எனக்கும் ஒன்றும் வரவில்லை. எக்ஸில் முடிகிற வார்த்தையாக வரிசையாக உருட்டிக்கொண்டிருந்தேன். பாக்ஸ், டாக்ஸ், மிக்ஸ், ஃபிக்ஸ். அக்கா மட்டும் கண்ணை மூடி, தொடையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கிளீனர் பின்சக்கரத்துக் கட்டையை எடுத்தான். என்ஜின் உறுமியபோது அக்கா எழுந்து நின்று சத்தமாக, “இன்டர்மிக்ஸ்!” என்றாள். லாரி நகர்ந்தது. “இல்ல, இன்டர்மிக்ஸ்ச்சர்!”

12 எழுத்து. அட்டையில்லாத அகராதியில் பெரியப்பா விரல் வைத்துக் காட்டினார். சித்தப்பா மகன் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தான். பிறகு அக்காவிடம், தமிழில், “எப்படிக்கா யோசிச்ச?” என்றான்.

அந்த லீவு முழுக்க அவன் டீக்கடையை விட்டு அகலவில்லை. எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த சுவர் எப்படி இறங்கியது என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். பேச்சில், உச்சரிப்பில், இலக்கணத்தில் அவன் சொத்து அதிகம். எழுத்து என்று வந்துவிட்டால் 26 பேரும் எல்லாருக்கும் பொது. மொழியை அர்த்தத்தின் வழியாகத்தான் அணுக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது. நாங்கள் அணுகியது ஈயத்தின் வழியாக. கையில் எடுத்து, கனம் பார்த்து, அறை அறிந்து போட்ட பிறகு இங்கிலீஷ்மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது. அர்த்தம் பின்னால் தானாக வந்து சேர்ந்தது. நான் இன்று ஒரு இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் கிராமர் புத்தகம் கிடையாது.

தேடும்போதுதான் அகராதியின் குறையும் தெரிந்தது. அதற்கு ஒரே வாசல், முதல் எழுத்து. டி-யில் தொடங்குவது வேண்டுமானால் உடனே கிடைக்கும். நடுவில் எம், கடைசியில் எக்ஸ் என்றால் முழுப் புத்தகத்தையும் புரட்டத்தான் வேண்டும். இதைத் தமிழய்யாவிடம் சொன்னபோது, “நம்ம ஆளுங்க இதுக்கு எப்பவோ வழி பண்ணிட்டாங்க” என்று சிரித்தார். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியது. பாட்டுக் கட்டுகிறவனுக்கு வேண்டியது அந்த வாசல்தானே? வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி செய்தபோது பெயர், பொருள், தொகை என்ற மூன்றோடு தொடை என்று நாலாவது பகுதியையும் வைத்தார். எதுகை தேடுகிறவர்களுக்காக. இங்கிலீஷில் ஜான் வாக்கர் வார்த்தைகளைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கி அகராதி போட்டது 1775-இல்.

அத்தோடு விடவில்லை அய்யா. உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய எழுத்துகளை மட்டும் வைத்துப் பாடுவது நிரோட்டகம், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது மாலைமாற்று என்று பாடத்தை மறந்துவிட்டுச் சொல்லிக்கொண்டே போனார். 341-ஆம் குறளைச் சொல்லிப் பார், உதடு ஒட்டுகிறதா என்றார். வகுப்பே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தது. ஒட்டவில்லை. எழுத்தை வைத்து விளையாடுவது வேலையற்றவர்கள் வேலை என்று யாராவது சொன்னால் ஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகத்தைக் காட்டி வாயை அடைக்கலாம்.

அமெரிக்காவில் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்பவர் இ என்ற எழுத்தே இல்லாமல் 50,000 வார்த்தைக்கு ஒரு நாவல் எழுதினார். பெயர் ‘கேட்ஸ்பி’, 1939-இல் வந்தது. தவறியும் இ விழாமல் இருக்க டைப்ரைட்டரில் அந்தக் கட்டையைக் கட்டி வைத்துவிட்டாராம். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் அச்சக வேலையை விட்டு வீட்டில் இருந்தார். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நடு அறையைத் தொடாமலா? மனுஷன் கை என்னாத்துக்கு ஆகும்!” அவர் கவலைப்பட்டது நாவலாசிரியருக்காக அல்ல, அதைக் கோத்த கம்பாசிட்டருக்காக.

ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஈய எழுத்துகளை மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டார்கள். 1989-இல் புது மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்து நம்பர் பிளேட்டும் மாறியது. டி.என்., பிறகு வட்டார எண், பிறகுதான் மற்ற எழுத்து. விளையாட்டு நின்றதற்கு அதைக் குறை சொல்ல முடியாது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஈரோடு போய்விட்டாள், எனக்கு வேலை கிடைத்தது, டீக்கடையை பைபாஸ் ரோடு தின்றது.

2018-இல் சசி தரூர் தன் புத்தகத்தை அறிவித்தபோது ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன் என்று ஒரு வார்த்தையைப் போட்டு நாட்டையே அகராதிக்கு விரட்டினார். 29 எழுத்து. அன்றிரவு அக்காவிடமிருந்து போன். “எண்ணிப் பாத்தியா? ஒன்பது ஐ இருக்கு. ஒரு இ கூட இல்ல.” அர்த்தத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. (ஒன்றுக்கும் உதவாதது என்று மதிப்பிடுவதாம்.)

அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன பொங்கலுக்கு வந்தவன் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். யூனிக்ஸ் கணினிகளில் வார்த்தைப் பட்டியல் ஒன்று கூடவே வருமாம். 1934-இன் வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்த பட்டியலில் 2 லட்சத்து 30 ஆயிரம் வார்த்தைக்கு மேல் இருக்கிறது. கென் தாம்சன் எழுதிய கிரெப் என்ற கட்டளையைக் கொடுத்து, டி, எம், எக்ஸ் மூன்றையும் வரிசையாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் வைத்தான். இடையில் எது வேண்டுமானாலும் வரலாம் என்பதற்கு அதுதான் அடையாளமாம். பெரியப்பாவின் சட்டத்தை இரண்டு குறியில் எழுதிவிட்டார்களே என்று எனக்கு ஆச்சரியம். தட்டினான். லாரி கிளம்ப என்ன, கிளீனர் கட்டையை எடுக்கக்கூட நேரமில்லை. பட்டியல் வந்துவிட்டது.

“அம்மா, உன் வார்த்தையைவிடப் பெருசு இருக்கு. இன்டர்மேக்ஸிலரி. 14.”

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். “என்ன அது?”

“தாடை எலும்பு சம்பந்தப்பட்டது.”

“டாக்டர் வார்த்தை செல்லாது” என்று சொல்லிவிட்டு வாழைக்காய் நறுக்கப் போய்விட்டாள். அப்படி ஒரு சட்டம் அன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவளோடு வாதாட நான் தயாரில்லை.

கம்ப்யூட்டர் வந்து சுவாரஸ்யத்தைக் கெடுத்துவிட்டது என்று எழுதினால் கைதட்டு வாங்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது மூன்றாவது வாசலைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் வாசல் அகராதியுடையது, இரண்டாவது நிகண்டுடையது. க்யூவுக்குப் பின்னால் யூ வராத வார்த்தைகளை அக்கா மகனை எடுத்துத் தரச் சொன்னேன். நிகாப், கவ்வாலி, தலாக் என்று நம் தெருவில் புழங்குகிற வார்த்தைகளாக வந்து விழுந்தன. அன்றைக்கு அச்சகத்துக்குப் பக்கத்தில் பைண்டிங் கடை வைத்திருந்த பாய் கவ்வாலியைச் சொல்லி, எங்கள் கிழிந்த அகராதியில் இல்லை என்று பெரியப்பா தள்ளிவிட்டார். பாய்க்கு ஒரு பொறை பாக்கி இருக்கிறது.

ஆனால் விளையாடும்போது கம்ப்யூட்டரை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும். விடையைப் பார்த்துக்கொண்டு விடுகதை போட முடியாது. பேத்தியோடு பஸ்ஸில் போகும்போது நான் செல்போனைப் பையில் போட்டுவிடுகிறேன். இப்போதைய பிளேட்டில் டி.என். நிரந்தரம். எண்ணுக்குப் பிறகு வருகிற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் நாலு. பழைய ஆட்டத்தைவிடக் கஷ்டம். சி.ஒய். என்று முடியும் வண்டியைப் பார்த்து அவள் ‘கான்ஸ்டிட்யூவன்ஸி’ சொன்னாள், 12. தேர்தல் நேரமாக இருந்தது உதவி செய்தது.

உங்கள் வீட்டிலும் ஆடிப் பாருங்கள். அர்த்தம் தெரியுமா என்று குழந்தையைக் கேட்காதீர்கள், வீட்டுக்கு வந்து அதுவே பார்த்துக்கொள்ளும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் கூடாது, வெறும் எஸ் கூடாது, வரிசை மாறக் கூடாது. டாக்டர் வார்த்தை உங்கள் இஷ்டம். தொடங்கி வைக்க ஒரு வண்டி தருகிறேன். டி.என்., அதற்குப் பின் சி.எல். என் பேத்தி ‘டெக்னிக்கல்’ என்று ஆரம்பித்து ‘டெக்னலாஜிக்கல்’ வரை போனாள், 13. நான் ‘ட்ரிகோனோமெட்ரிக்கல்’ சொல்லி 15-இல் நிற்கிறேன். அதற்கு மேல் தெரிந்தவர்கள் எழுதுங்கள், ஒரு பொறை உண்டு.